சிவப்புக் கம்பளி நூல் கட்டிய பெட்டி

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று அம்மா இப்போதும் சொல்வார். அதை அவர் பாராட்டாகச் சொல்வதில்லை. கொழும்பில் வந்திறங்கிய முதல் நாளே குடும்ப மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தவள் என்பதுதான் அதற்குப் பொருள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இலங்கை என்பது தொலைபேசிக்குள் இருந்த ஒரு சத்தம். அம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு குசினிக்கும் கூடத்துக்கும் நடப்பார். என் தமிழில் சாப்பாடு, குளிப்பு, நித்திரை, ஏச்சு ஆகியவற்றுக்குச் சொல் பஞ்சம் இல்லை. அதற்கு அப்பால் போனால் மூச்சு வாங்கும்.

அம்மாவோடு சேர்த்துக் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். யாழ்ப்பாணத்தில் பெரியம்மா, டென்மார்க்கில் அம்மா, கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி, கொழும்புக்கு வெளியே வத்தளையில் மாமா. எங்களுக்குக் கடவுச்சீட்டு கிடைத்ததும் சித்தி தன் தொடர்மாடி வீட்டில் எல்லாரையும் கூட்டிவிடுவதென்று முடிவு கட்டினார். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், நாலாம் மாடியில், மூன்று அறை வீடு. அதில் மூன்று குடும்பங்களும் பெரியம்மாவும் தங்கவேண்டும். சனம் கூடினால்தான் வீடு வீடு மாதிரி இருக்கும் என்பது சித்தியின் கட்சி. ஒரு குளியலறைதான் இருக்கிறது என்பது சித்தப்பாவின் கட்சி.

அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஒரு கவலைதான். பெரியம்மா தன்னோடு கதைப்பாரா?

பெரியப்பா இறந்தபோது அம்மா போகவில்லை. எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே வர முடியாது. இதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அம்மா அழுதார். மறுமுனையில் பெரியம்மா, "எல்லாரும் வந்தவை. நீ மட்டும் வரேல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறேழு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா இருமினால் அது சித்தி வழியாக யாழ்ப்பாணம் போகும். பெரியம்மாவுக்கு முழங்கால் நொந்தால் அது சித்தி வழியாக டென்மார்க் வரும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று சித்திக்குத்தான் தொண்டை வற்றியது.

பெரியம்மாவுக்குக் கொடுப்பதற்கென்று அம்மா ஒரு பட்டுச்சேலை வாங்கியிருந்தார். எங்கள் ஊரில் சேலைக்கடை கிடையாது. ரயிலேறி வேறு நகரத்துக்குப் போய், என்னையும் கூட்டிக்கொண்டு, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து எடுத்த சேலை அது. சாம்பல் நிறம், மெல்லிய கரை. பெரியப்பா போன பிறகு பெரியம்மா வெளிர் நிறங்கள்தான் உடுக்கிறார் என்று சித்தி சொல்லியிருந்தார். அந்தச் சேலையைத் தன் கையால் கொடுத்து, கொடுக்கிற சாட்டில் இரண்டு வார்த்தை கதைத்துவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். விமானத்தில் எனக்கு அதை ஒத்திகை பார்த்துக் காட்டினார். பெரியம்மாவாக நான் நடித்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளை எடுத்தவர் அப்பா. உடுப்புப் பெட்டிகள் இரண்டு, அன்பளிப்புப் பெட்டி ஒன்று. அன்பளிப்புப் பெட்டி கறுப்பு நிறம். அடையாளம் தெரிவதற்காக அதன் கைபிடியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் எல்லாருமே பெட்டிக்குச் சிவப்பில் ஏதாவது கட்டுகிறவர்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் முடிச்சு தனி முடிச்சு என்பது அவருடைய நம்பிக்கை. பெயர் அச்சடித்த விமானக் கடதாசியும் கைபிடியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சிவப்பு நூல் இருக்கும்போது அதை யார் வாசிப்பார்கள்?

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுப் பெட்டியை எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் திறப்பது. ஒருவர் குறைந்தாலும் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் பெட்டி கூடத்தின் நடுவில் நின்றது. வத்தளையிலிருந்து மாமா குடும்பம் வந்தது. மச்சான்மாரும் மச்சாள்மாரும் பெட்டியைச் சுற்றி விளையாடுவது போலச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். பின்னேரம் பெரியம்மா வந்தார்.

அம்மா வாசலுக்கு ஓடினார். பெரியம்மா செருப்பைக் கழற்றினார், என் கன்னத்தைக் கிள்ளினார், அப்பாவிடம் "சுகமோ" என்று கேட்டார். அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்து, "சமையல் எந்த அளவில நிக்குது?" என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டு நேரே குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் அரியும் சத்தம் கேட்டது. அம்மா துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்டார். அவர் குளிக்கவில்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அப்பா தொலைபேசிக்கு சிம் வாங்கப்போவதாகச் சொல்லிக் காலி வீதிக்கு நழுவிவிட்டார். வீட்டில் இப்படியான நேரங்களில் ஏதாவது செய்து கெடுப்பது மாமாவின் பொறுப்பு.

"சரி, பெட்டியைத் திறப்பம்" என்றார் மாமா. "எல்லாரும் வந்தாச்சுத்தானே."

அம்மாவின் கைப்பையிலிருந்து திறப்பை எடுத்துப் பூட்டுக்குள் போட்டுப் பார்த்தார். திரும்பவில்லை. "சீனாப் பூட்டு. பயணத்தில இறுகிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, திருப்புளியால் நெம்பி உடைத்தார். மூடியைத் தூக்கியதும் சவர்க்கார வாசமும் சொக்லேட் வாசமும் எழுந்தன. வெளிநாட்டுப் பெட்டி என்றால் அந்த வாசம்தான் என்று மாமி கண்ணை மூடிச் சொன்னார்.

நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் பெட்டியில் நீலத் தகர டின்களில் பிஸ்கட் இருந்தது. கடையிலிருந்து அவற்றைத் தூக்கி வந்தவளே நான்தான். இதற்குள் நீலம் மருந்துக்கும் இல்லை. எல்லாம் தங்கநிறத் தாள் சுற்றிய சொக்லேட்.

"இது எங்கட பெட்டி இல்லை" என்றேன்.

"பிள்ளைக்குக் குடுக்க மனமில்லை" என்று மாமா சிரித்தார். "அப்பிடிச் சொல்லக்கூடாது மருமகள். எல்லாருமாப் பங்கிட்டுத்தான் சாப்பிடவேணும்."

இன்னொரு முறை சொன்னேன். சித்தி என் தலையைத் தடவி, அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது, பாவம் என்று மாமியிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. என் பிஸ்கட் டின்கள் தொலைந்துபோனதற்கு நான் கஞ்சத்தனப் பட்டம் வாங்கிக்கொண்டு நின்றேன்.

இவ்வளவுக்கும் அந்தப் பெட்டி அவர்களை ஏமாற்றவே இல்லை. அதில் சேர்ட் இருந்தது; மாமா உடனே போட்டுக்கொண்டார், வயிற்றடியில் மட்டும் பொத்தான் எட்டவில்லை. முகப்பூச்சு இருந்தது, தலைவலித் தைலம் இருந்தது, பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டி இருந்தது, வாசனைத் திரவியம் இருந்தது. யாருக்கு எது என்று யாரும் யோசிக்கத் தேவைப்படவில்லை. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நம்முடைய ஆட்கள் ஒரே பெட்டியைத்தான் அடுக்குகிறார்கள்.

அடியிலிருந்து சித்தி ஒரு சேலையை எடுத்தார். கிளிப்பச்சைப் பட்டு, அகலமான தங்கக் கரை. மாமி எட்டிக் கரையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது பெரியக்காவுக்குத்தான்" என்றார் சித்தி. பிறகு நிறத்தைப் பார்த்துத் தயங்கினார். "என்னெண்டு இந்த நிறத்தில எடுத்தவ?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, கொண்டுபோய்ப் பெரியம்மாட்ட குடு. அம்மா தந்தது எண்டு சொல்லு."

நான் சேலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குசினிக்குள் போனேன். பெரியம்மா திரும்பினார். வெங்காயம் அரிந்ததால் கண்கள் சிவந்திருந்தன. வெங்காயத்தால் மட்டும்தானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"அம்மா தந்தது எண்டு சொல்லச் சொல்லிச் சித்தி சொன்னவா" என்றேன்.

பெரியம்மா கையைக் கழுவி, துடைத்து, சேலையை வாங்கி ஒரு மடிப்பு விரித்தார். நெடுநேரம் பார்த்தார். "உன்ர அம்மாவோ எடுத்தவ?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தேன். "இல்லைப் பெரியம்மா, இது எங்கட பெட்டியே இல்லை" என்றேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே கடற்கரை ரயில் வந்தது. சித்தி வீட்டில் ரயில் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத்தான் தொடர்வார்கள்; எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. யன்னல் அதிர்ந்தது, தட்டுகள் கிணுகிணுத்தன, என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரயில் போய் முடிந்ததும் பெரியம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லது" என்று மட்டும் சொன்னார். ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

அவர் சேலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வெளியே வந்தபோது கிளிப்பச்சையில் நின்றார். மாமியின் கையிலிருந்த சொக்லேட் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் குளியலறைக் கதவில் தட்டினார்.

"எடியே, வெளியில வா! எவ்வளவு நேரமாக் குளிப்பாய்? கொழும்பில இருக்கிற தண்ணி எல்லாத்தையும் நீயே முடிக்கப்போறியோ?"

உள்ளே தண்ணீர் நின்றது. கதவு கொஞ்சம் திறந்தது. அம்மாவின் முகம் வீங்கியிருந்தது, தலைமயிரில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

"நல்ல சேலை" என்றார் பெரியம்மா.

அம்மா "அக்கா" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அவர் தோளில் விழுந்தார். இரண்டு பேரும் குளியலறை வாசலிலேயே நின்று ஓவென்று அழுதார்கள். சித்தி அழுதார், மாமி அழுதார், மாமா பொத்தான் பூட்டாத சேர்ட்டின் கையால் மூக்கைத் துடைத்தார். நான் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டே அவருடைய பார்வை பெரியம்மாவின் தோளிலிருந்து முதுகுக்குப் போனது, கரைக்குப் போனது. பிறகு கூடத்தின் நடுவில் திறந்து கிடந்த பெட்டிக்குப் போனது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் சித்தியின் தொலைபேசி அடித்தது. எங்கள் பெட்டியின் மூடிக்குள் அம்மா சித்தியின் இலக்கத்தை எழுதி ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் அழைத்திருந்தார்கள். சித்தி எல்லாருக்கும் கேட்க ஒலிபெருக்கியைப் போட்டார்.

"நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்து கதைக்கிறம்" என்றது ஒரு பெண்குரல். "பிரான்ஸில இருந்து இண்டைக்குத்தான் வந்தனாங்கள். உங்கட பெட்டி எங்களிட்ட நிக்குது. எங்கட பெட்டி உங்களிட்டையோ?"

மாமா வாய்க்குள் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றார். மச்சாள்மார் பென்சில் பெட்டிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். நான் வெற்றியோடு எல்லாரையும் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது பெரியம்மாவின் சேலையை. அவர் அதைக் குனிந்து பார்த்தார். அந்தச் சேலை யாரோ ஒருத்தியுடையது என்று ஆகிவிட்டால் குளியலறை வாசலில் நடந்ததெல்லாம் என்னவாகும் என்ற பயம் அம்மாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அந்தச் சேலை பெட்டியில வந்ததில்லை அக்கா" என்றார் அம்மா பெரியம்மாவிடம். "அது நான் கைப்பையில கொண்டு வந்தது."

"ஓமோம்" என்றார் சித்தி உடனே. "கைப்பையில இருந்துதான் நான் எடுத்தனான்."

"நானும் கண்டனான்" என்றார் மாமா.

மாமி தலையை ஆட்டினார். நேரே பார்த்துக்கொண்டிருந்த என் மச்சான்கூட ஆட்டினான். பொய் சொன்னால் பல்லு விழும் என்று எனக்குச் சொல்லி வளர்த்த அம்மா, முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். "இல்லை, அது—" என்று நான் தொடங்கினேன். மாமா என் வாய்க்குள் ஒரு சொக்லேட்டைத் திணித்தார். அதுவும் பிரான்ஸ்காரருடையது.

கொட்டாஞ்சேனை ஆட்கள் வேனில் வருவதாகச் சொன்னார்கள். கீழே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, லிஃப்டுக்கும் காத்திராமல் படியால் இறங்கினார். என்னை மேலே விட்டுவைப்பது ஆபத்து என்று நினைத்திருக்கிறார். எனக்கு வேறு பயம். பிறத்தியாரின் சேலையை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வாசலில் சீருடையோடு நின்ற காவலாளியைப் பொலிஸ் என்றே நம்பினேன்.

வேனிலிருந்து இறங்கியவர் அம்மா வயதுப் பெண். அவர் இழுத்துவந்த கறுப்புப் பெட்டியில் சிவப்புக் கம்பளி நூல் இருந்தது. மேலே நின்ற பெட்டியின் முடிச்சும் இதே முடிச்சுத்தான்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ" என்று அவரே முந்திக்கொண்டார். "பிள்ளையள் பிஸ்கட் டின் ரெண்டை முடிச்சுப்போட்டுதுகள். மச்சான் ஒரு சேர்ட்டையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டார்."

"எங்கட வீட்டிலையும் அதே கதைதான்" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உங்கட பச்சைச் சேலை..."

"ஓம், அது என்ர மச்சாளுக்கு எடுத்தது."

"என்ர அக்கா அதை உடுத்திக்கொண்டு நிக்கிறா."

"உடுத்தியே போட்டாவோ?"

அம்மா சொல்லத் தொடங்கினார். பெரியப்பா செத்தது, வழக்கு முடியாதது, தொலைபேசியை வைத்தது, இத்தனை வருடம் கதைக்காதது. அந்தப் பெண் பெட்டியின் கைபிடியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் அப்பான்ர செத்த வீட்டுக்கு வரேல்லை" என்றார் கடைசியில். "எங்களுக்கும் அப்ப விசா இல்லை. என்ர தம்பி இண்டைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்."

பிறகு அம்மா அங்கேயே, படிக்கட்டடியில் பெட்டியைத் திறந்து, சாம்பல் நிறச் சேலையை எடுத்து அவரிடம் நீட்டினார். அந்தப் பெண் அதை விரித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்த நிறத்தைக் குடுத்தால் மச்சாள் என்னை உரிச்சுப்போடுவா. பரவாயில்லை, நான் சமாளிக்கிறன்."

அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. அம்மாவை ஒருவரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். காவலாளிகூடச் சிரித்துக்கொண்டுதான் நின்றார், பிறகு எங்கள் பெட்டியை லிஃப்டுக்குள் தூக்கி வைத்தார்.

கொட்டாஞ்சேனை ஆட்களும் மேலே வந்ததும் சித்தி தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். மாமா சேர்ட்டைக் கழற்றப் போனார். உங்களுக்கு அளவாக இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் மனச்சாட்சி இல்லாமல் சொன்னார். சிம்மோடு திரும்பி வந்த அப்பா, சித்தி வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆட்கள் இருந்து ரோல்ஸ் சாப்பிடுவதைப் பார்த்து, யாரோ நெருங்கிய சொந்தக்காரர் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். பெரியம்மா குசினியிலிருந்து வந்தார். பச்சைச் சேலை கூடம் முழுவதையும் நிறைத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனைப் பெண் பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு இந்த நிறம் நல்ல எடுப்பு. ஆர் எடுத்துத் தந்தது?"

"என்ர தங்கச்சி" என்றார் பெரியம்மா. "அவளுக்கு என்ர விருப்பம் தெரியும்."

அம்மா தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். விமானத்திலிருந்து அதுவரை ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடாதவர். சாப்பிட்டுவிட்டு அக்காவும் தங்கையும் பல்கனியில் கால் நீட்டி இருந்து, ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கதைத்தார்கள். ரயில் வந்தபோதுகூட நிறுத்தவில்லை. என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய சுமை இறங்கியது.

இன்றைக்கும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாராவது பயணம் வெளிக்கிட்டால் மாமா பெட்டிக் கதையைத் தொடங்குவார். திருப்புளி வரும், பொத்தான் எட்டாத சேர்ட் வரும். சேலை மட்டும் வராது. பெரியக்காவுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது என்பதில் அம்மாவும் சித்தியும் மாமாவும் உறுதி. அத்தனை பேரும் சேர்ந்து சொன்ன ஒரே பொய் அது. அதைக் கட்டிக்காப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

நாங்கள் திரும்பிப் போன அன்று விமான நிலையத்துக்குப் பெரியம்மாவும் வந்தார். கிளிப்பச்சைச் சேலைதான் உடுத்தியிருந்தார். அம்மா பெட்டிகளை எண்ணிக்கொண்டும் அப்பா சிவப்பு நூலை அவிழ்த்து மஞ்சள் நூல் கட்டிக்கொண்டும் இருந்த நேரத்தில் என்னைப் பக்கத்தில் இழுத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தார்.

"அண்டைக்குக் குசினிக்க நீ சொன்னது எனக்குக் கேட்டது" என்றார் காதுக்குள். "அம்மாட்ட சொல்லிப்போடாதை."

நான் தலையாட்டினேன். கேட்டிருந்தால் ஏன் சேலையை உடுத்தினார், ஏன் கதவைத் தட்டினார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பெரியம்மாவுக்கு வயது போய்விட்டது, காது கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு விமானத்தில் ஏறினேன்.